ஸ்கார்பியோ-என் 4×4: தேரி மணலுக்கும் நான்கு வழிச்சாலைக்கும் சேர்த்து ஏடி டயர் எது, காற்று எவ்வளவு?

உடன்குடிப்பனை:

வணக்கம் அண்ணாச்சிமாரே. வண்டி ஸ்கார்பியோ-என் டீசல் 4×4, 18 இன்ச் அலாய். கம்பெனி டயர் 255/60 ஆர்18. பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) 2.5 மி.மீ.க்கு வந்துவிட்டது, நான்கையும் மாற்ற வேண்டும்.

ஓட்டம் பத்தில் ஏழு பங்கு தார் ரோடு, பெரும்பாலும் திருநெல்வேலி–மதுரை. இரண்டு பங்கு சாத்தான்குளம், உடன்குடி பக்கம் தோட்டத்துக்குப் போகும் தேரி (செம்மணல் மேடு) மணல் தடம். மிச்சம் விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டுப் பாதை. எங்கே போனாலும் சீமைக்கருவேல முள்.

கேள்விகள்: ஏடி (ஆல்-டெரெய்ன், எல்லாத் தரைக்குமான டயர்) போடலாமா? போட்டால் அதே அளவா, 255/65-க்கு ஏறலாமா? எக்ஸ்எல், எல்டி என்று எழுதியிருக்கிறதே, எது வேண்டும்? காற்று விஷயத்தில் கடைக்குக் கடை ஒரு கணக்கு. ஒருவர் 40 பிஎஸ்ஐ வைக்கச் சொல்கிறார், டயரிலேயே 51 என்று போட்டிருக்கிறது என்கிறார். மணலுக்கு எவ்வளவு இறக்குவது?

---

முத்துநகர்_டீசல்:

தம்பி, அளவை முதலில் முடிப்போம். கணக்கு போட்டுப் பார்த்தால் குழப்பமே இல்லை.

255/60 ஆர்18 டயரின் முழு விட்டம் 763 மி.மீ. 255/65 ஆர்18 போட்டால் 789. 26 மி.மீ. கூடுகிறது, ஆனால் வண்டி தரையிலிருந்து எழும்புவது அதில் பாதி, 13 மி.மீ. மட்டும். அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள்: மீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடியதைவிட 3.3 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓடுவீர்கள், கிலோமீட்டர் அதே அளவு குறைவாகப் பதிவாகும், கியர் நீண்டதுபோல் ஆகி மணலில் இழுவை குறையும், ஸ்டீயரிங் முழுசாக ஒடிக்கும்போது சக்கரக் கூட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் உரச வாய்ப்பு உண்டு. 13 மி.மீ.க்கு இவ்வளவும் தேவையில்லை.

நடுவில் ஒரு வழி 265/60 ஆர்18. விட்டம் 775, வித்தியாசம் 1.6 சதவீதம் மட்டும். ஃபார்ச்சூனரும் எண்டெவரும் இந்த அளவில்தான் வந்தன, அதனால் ஏடி வகையில் தேர்வு அதிகம். ஆனால் கம்பெனி உங்கள் வண்டிக்குக் குறிப்பிட்ட அளவைவிட்டு வெளியே போனால் இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டே போடுங்கள். கிளெயிம் நேரத்தில் சர்வேயர் டயர் அளவைக் குறித்துக்கொள்வார். உங்கள் ஓட்டத்துக்கு நான் அதே 255/60-ஐத்தான் சொல்வேன்.

அடுத்தது எடை எண். அளவுக்குப் பின்னால் 108 என்றிருந்தால் ஒரு டயர் 1,000 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ. 255/60 ஆர்18-ல் 108 சாதாரண வகை, 112 எக்ஸ்எல். பழைய டயரில் எந்த எண் இருக்கிறதோ அதற்குக் கீழே போகவே கூடாது. பக்கத்தில் உள்ள எழுத்து வேகத்துக்கு: எஸ் 180, டி 190, எச் 210 கி.மீ. ஏடி டயர்களில் பெரும்பாலும் எஸ், டி, எச் மூன்றில் ஒன்று வரும். எதுவானாலும் நம் ரோட்டுக்குப் போதும். கம்பெனி எழுத்தைவிடக் குறைந்தால் மட்டும் டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்டி என்பது லாரி ரகக் கட்டுமானம். பக்கச்சுவர் தடிமன், முள்ளுக்கும் கல்லுக்கும் தாங்கும். ஆனால் கனம் அதிகம், சவாரி கட்டையாக இருக்கும், மைலேஜ் இறங்கும். முக்கியமாக, அதே எடையைச் சுமக்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். கார் டயருக்கு வைத்த அதே பிஎஸ்ஐ-யை எல்டிக்கு வைத்தால் அது காற்றுக் குறைந்த டயர்தான். பத்தில் ஏழு பங்கு தாரில் ஓடுகிறவருக்கு எல்டி வேண்டாம். எக்ஸ்எல் போதும். ஆனால் எக்ஸ்எல் என்றாலே பக்கச்சுவர் தடிமன் என்று நினைத்துவிடாதீர்கள், அது கூடுதல் காற்றில் கூடுதல் எடை தாங்கும் என்பது மட்டுமே. பக்கச்சுவரைத் தெரிந்துகொள்ள டயர் ஓரத்தில் பொடி எழுத்தில் பார்க்கவும்: டிரெட் பகுதியில் எத்தனை பாலியெஸ்டர், எத்தனை ஸ்டீல், எத்தனை நைலான் அடுக்கு என்றும், சைடுவால் பகுதியில் எத்தனை பாலியெஸ்டர் என்றும் தனித்தனியாக எழுதியிருக்கும். சைடுவாலில் 1 போட்டதையும் 2 போட்டதையும் பக்கத்தில் வைத்தால் முள்ளுக்காட்டுக்கு 2-தான்.

பட்டன் வகையில் மிதமான ஏடி எடுங்கள்: நடுவில் தொடர்ச்சியான பட்டை, தோள் பகுதியில் (பட்டனின் இரு ஓரம்) மட்டும் கட்டை கட்டையாகப் பிரிந்தது. தோள் ரொம்ப முரடாக இருப்பதைப் பார்க்க மிடுக்காக இருக்கும், 90-க்கு மேல் உறுமிக்கொண்டே வரும், மழைத் தாரில் பிரேக் தூரமும் கூடும். தேரிக்கு அந்த முரட்டுப் பட்டன் உதவாது, கெடுதலே செய்யும். மணலில் டயர் மிதக்க வேண்டும், தோண்டக் கூடாது. 18 பிஎஸ்ஐ-யில் இருக்கும் சாதாரண ஹைவே டயர், 35-ல் இருக்கும் ஏடி டயரைவிட தேரியில் நன்றாகப் போகும். ஆகவே டயருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் காற்று அளக்கும் நல்ல கேஜுக்கும் கம்ப்ரசருக்கும் எடுத்து வையுங்கள்.

---

காற்றழுத்தம்_முக்கியம்:

முன் பதிவை அப்படியே வழிமொழிகிறேன். காற்றை நான் விரிவாகச் சொல்கிறேன்.

டயரில் எழுதியிருக்கும் 51, அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம், அதாவது 350 கிலோபாஸ்கல். ஓட்ட வேண்டிய அளவு அது இல்லை. ஓட்ட வேண்டியது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பது. ஆள் குறைவுக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று என்று இருக்கலாம். 40 வைத்தால் டயரின் நடுப்பகுதியே அதிகம் ரோட்டை அழுத்தும், நடு சீக்கிரம் தேயும், ஈரத்தில் பிடிப்பு குறையும், ஒவ்வொரு பள்ளமும் முதுகில் ஏறும்.

அதே அளவில் எக்ஸ்எல் போடுகிறீர்கள் என்றால் ஸ்டிக்கர் அளவிலோ, அதற்கு 2 பிஎஸ்ஐ மேலோ தொடங்குங்கள். பிறகு சரிபார்க்க ஒரு வழி உண்டு. காலையில் வண்டி எடுக்கும் முன் குளிர்ந்த நிலையில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வழிச்சாலையில் ஒரு மணி நேரம் ஒரே சீராக ஓட்டி, நிழலில் நிறுத்தி உடனே அளக்கவும். சுமார் 4 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரி. 6, 7 ஏறியிருந்தால் தொடக்க அளவு குறைவு, டயர் அதிகம் நெளிந்து சூடாகியிருக்கிறது. 2 மட்டும் ஏறியிருந்தால் தொடக்கத்தில் கூடுதல். வெயில் விழுந்த பக்கத்து டயர் தனியாக ஒன்றிரண்டு கூடக் காட்டும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சூடான டயரில் ஏறிய காற்றை இறக்குவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. சித்திரை வெயிலில் மதுரை போய்ச் சேரும்போது காலையில் வைத்த 35 பிஎஸ்ஐ 40 ஆகியிருக்கும். பங்க்கில் பையன் மீட்டரைப் பார்த்து "அதிகமா இருக்கு சார்" என்று 35-க்கு இறக்கிவிடுவான். மறுநாள் காலை அது 30, 31-ல் நிற்கும். அதோடு முழு லோடில் 100-ல் ஓட்டினால் தோள்கள் சூடேறும். டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காற்றுக் குறைவே காரணம், கூடுதல் காற்று இல்லை. பங்க் மீட்டரை நம்பாமல் 60 பிஎஸ்ஐ வரை காட்டும் சொந்தக் கேஜ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நைட்ரஜன் கட்டாயம் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இரண்டையும் கலக்கலாம், ஒன்றும் ஆகாது.

இனி தேரி. தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்திலேயே இறக்கிவிடுங்கள், மாட்டிய பிறகு இறக்குவோம் என்று வேண்டாம். 18 பிஎஸ்ஐ-யில் தொடங்கலாம், நான்கிலும் ஒரே அளவு. காற்று குறையும்போது டயர் அகலமாவதைவிட நீளவாக்கில் அதிகம் படியும். அந்த நீளம்தான் மிதக்க வைக்கிறது. 4எச் (நான்கு சக்கர இழுவை, ஹை கியர்), மணல் மோட், வேகம் 30-க்குள். சட்டென்று ஒடிக்கக் கூடாது, அந்த அழுத்தத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். நிறுத்தும்போதும் பிரேக்கை அமுக்காமல் தானாக நிற்க விடுங்கள். பிரேக் போட்டால் டயருக்கு முன்னால் மணல் மேடு கட்டும், கிளம்பும்போது அதில்தான் சிக்கும். முடிந்தால் இறக்கத்தில் நிறுத்துங்கள்.

சக்கரம் சுழன்று வண்டி முன்னேறவில்லை என்றால் அந்த நொடியே ஆக்சிலரேட்டரை விடுங்கள். இன்னும் மூன்று சுற்று சுற்றினால் அச்சு மணலில் உட்கார்ந்துவிடும். டயருக்குப் பின்னால் உள்ள மணலைக் கையால் வழித்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். அப்படியும் வராவிட்டால் 14 வரை இறக்கலாம். வெளியே வந்ததும் மறுபடி 18.

தேரி செம்மணல் காலை ஈரத்தில் இறுகி இருக்கும், நண்பகலுக்கு மேல் உதிரியாகிவிடும். காலையில் 20-ல் போன அதே தடம் மாலையில் 16 கேட்கலாம். தாருக்கு ஏறும் முன் காற்று அடித்தே ஆக வேண்டும். 18-ல் 60 கி.மீ. வேகம் போனாலும் பக்கச்சுவர் உள்ளுக்குள் வெந்துவிடும், அன்றைக்கு வெளியே தெரியாது.

---

கரிசல்காட்டு_ஜீப்:

கரிசலுக்கு என்று ஏடி வாங்காதீர்கள் தம்பி. நனைந்த கரிசல் மண் பட்டன் இடைவெளியில் அப்பிவிட்டால் ஏடி, எம்டி (சேற்று டயர்) எல்லாமே வழுக்கை டயர்தான். மழை பெய்து நன்றாக வெயில் காய்ந்த பிறகு போவது ஒன்றே வழி. தவிர்க்க முடியாமல் போனால் 24 பிஎஸ்ஐ, ஒரே சீரான வேகம், நடுவில் நிற்கக் கூடாது.

வெளியே வந்து தாரில் 80 தாண்டியதும் ஸ்டீயரிங் ஆட்டம் கொடுத்தால் பேலன்சிங் கடைக்கு ஓடாதீர்கள். ரிம்முக்கு உள்பக்கம் பாருங்கள், ஒரு கை அளவு மண் ஒரே பக்கம் காய்ந்து ஒட்டியிருக்கும். தண்ணீர் அடித்துக் கழுவினால் ஆட்டம் போய்விடும்.

முள் விஷயம்: சீமைக்கருவேல முள் உள்ளே போய் முனை ஒடிந்து நிற்கும், வெளியே ஒன்றும் தெரியாது. வாரத்துக்கு மூன்று நான்கு பிஎஸ்ஐ இறங்குகிற டயர் பெரும்பாலும் இதுதான். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் குமிழி வரும். காட்டுக்குள் நிற்கும்போது முள்ளைப் பிடுங்காதீர்கள், அதுவேதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. பட்டன் பகுதியில் 6 மி.மீ. வரை உள்ள ஓட்டைக்கு ஒட்டு போடலாம். வெளியிலிருந்து திணிக்கும் திரி அவசரத்துக்கு, ஊர் வந்ததும் டயரைக் கழற்றி உள்பக்கம் மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு). பக்கச்சுவரில் ஓட்டை என்றால் ஒட்டு கிடையாது, டயர் போனதுதான்.

ஒரு எச்சரிக்கை. காற்றை 18-க்கு இறக்கினால் பக்கச்சுவர் பிதுங்கி முள்ளுக்கு நேராக நிற்கும். உடைமரமும் கருவேலமும் இரு பக்கமும் நெருக்கும் தடத்தில் மணல் மெல்லியதாக இருந்தால் 26-லேயே ஓட்டுங்கள்.

---

உடன்குடிப்பனை:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. 255/60, எக்ஸ்எல், மிதமான ஏடி என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் மூன்று: கம்ப்ரசர் எப்படி வாங்குவது? கடையில் மாட்டும்போது எதைக் கவனிப்பது? ஊட்டி போனால் குளிருக்குக் காற்று இறங்கும் என்கிறார்களே, அங்கே போய் அடிக்க வேண்டுமா?

---

முத்துநகர்_டீசல்:

கம்ப்ரசர் பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப் வைத்தது வாங்குங்கள். வண்டியின் 12 வோல்ட் சாக்கெட் பொதுவாக 10 ஆம்பியர், 120 வாட்டுக்குத்தான். நான்கு பெரிய டயரை 18-லிருந்து 35-க்கு ஏற்றும் கம்ப்ரசர் அதைவிட அதிகம் இழுக்கும், ஃபியூஸ் போகும். இன்ஜினை ஓடவிட்டே அடிக்கவும். இரண்டு டயருக்கு ஒருமுறை கம்ப்ரசரை ஆற விடுங்கள், மணல் மேல் வைக்காமல் மிதியடி மேல் வையுங்கள்.

கடையில் முதலில் தேதி. டயர் ஓரத்தில் உள்ள டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம்: 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம். நான்கும் ஒரே மாடல், தேதியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கட்டும். ரப்பர் வால்வு நான்கும் புதிதாக, டிபிஎம்எஸ் (காற்றழுத்தம் காட்டும்) சென்சார் இருந்தால் அதன் சீல் புதிதாக. பழைய பேலன்சிங் ஈயத்தை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பேலன்ஸ் செய்ய வேண்டும். மாட்டியபின் ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். அதற்கும் ரிம்முக்கும் இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா பாருங்கள். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றுத் துப்பாக்கியால் நட்டை இறுக்கி அனுப்பிவிடுவார்கள், விடாதீர்கள். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், மேனுவலில் உள்ள அளவுக்கு. 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை.

அலைன்மென்ட் அன்றே பாருங்கள். டோ கோணம் (சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு) கொஞ்சம் பிசகினாலும் ஏடி பட்டன் ஒரு ஓரம் கூராகத் தேய்ந்து, பிறகு என்ன செய்தாலும் சத்தம் போகாது. 8,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றவும்: பின் டயர்கள் நேராக முன்னால், முன் டயர்கள் குறுக்காகப் பின்னால். ஸ்டெப்னி அளவு வேறாக இருந்தால் அதை மாட்டிக்கொண்டு தாரில் 4எச் போடாதீர்கள், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) கேடு. புது டயர் முதல் சில நூறு கிலோமீட்டர் வழுக்கும், டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த வழுக்குப் பூச்சு தேய வேண்டும்.

ஊட்டிக் கணக்கு: கீழே 35 டிகிரியில் 35 பிஎஸ்ஐ வைத்து, 2,240 மீட்டர் உயரத்தில் 10 டிகிரியில் அளந்தால் குளிரால் சுமார் 4 பிஎஸ்ஐ இறங்க வேண்டும். ஆனால் அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே 14.7-லிருந்து 11.2 ஆகிவிடுகிறது. கேஜ் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும், அதனால் 34-க்கும் 35-க்கும் நடுவில் நிற்கும். மேலே போய் காற்றைத் தொட வேண்டாம். காலையில் அளந்து 32-க்குக் கீழே காட்டினால் அது குளிர் இல்லை, எங்கோ முள் இருக்கிறது. சோப்புத் தண்ணீரை எடுங்கள்.