பேத்திக்கு ஒரு கடிதம்: பழைய பள்ளிக்கரணைப் படம் இருக்கிறதா?

வணக்கம். வேளச்சேரியில் இருக்கிறேன். மூன்று மாதப் பேத்தி 2050இல் பிரித்துப் படிக்க ஒரு கடிதம் எழுதுகிறேன். 2015 வெள்ளத்தில் மொட்டை மாடியில் கழித்த ராத்திரி, 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கதை, எல்லாம் எழுதியாயிற்று. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில்தான் பேனா நிற்கிறது. 2022இல் ராம்சார் அந்தஸ்து (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்தது, சரி. ஆனால் முன்பு எவ்வளவு தூரம் விரிந்து கிடந்தது என்று காட்ட ஒரு படம்கூட என்னிடம் இல்லை. 1980களில் எடுத்தது யாரிடமாவது இருந்தால் செல்போனில் பிடித்து அனுப்புங்களேன். கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில் தெரிந்தாலும் போதும்.

அப்புறம், 2016 வர்தா புயலில் எங்கள் தெருத் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்த இடத்தில் ஒரு கன்று வைப்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். புங்கனா, பூவரசா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.