மழைக்குள்ள பிரேக் பிடிச்ச கதையள்: வன்னி றோட்டில ஓடுற ஆக்கள் வந்து எழுதுங்கோ

மாரி தொடங்கீட்டுது, அதான் கேக்கிறன். ஈர றோட்டில சறுக்கின கதை, சறுக்காமத் தப்பின கதை எது இருந்தாலும் போடுங்கோ. முதல் நான் பாத்தது.

போன ஐப்பசி மாங்குளத்தில இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் ஏ34 றோட்டால வாறன், கன நாள் வெயிலுக்குப் பிறகு அண்டைக்குத்தான் தூறத் தொடங்கினது, றோட்டு நனைஞ்சும் நனையாமலும் கிடக்குது. முன்னால ஒரு பெடியன் பழைய டிஸ்கவர் மோட்டார் சைக்கிளில போறான், அறுபது கிலோமீற்றர் வேகம் இருக்கும். பத்தைக்குள்ள இருந்து மாடொண்டு சடாரெண்டு ஏறீட்டுது. பெடியன் பின் பிரேக்கை ஏறி மிதிச்சான், பின்சில்லு சுத்தாம இறுகி வால் அடிச்சுக்கொண்டு மாட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போய், கரைக் கிறவலுக்குள்ள இறங்கித்தான் நிண்டவன். விழேல்ல, அவன்ர நல்ல காலம். முன் பிரேக் பிடிக்கேல்லையோ எண்டு கேட்டா, "ஐயோ அண்ணை, மழைக்குள்ள அதைத் தொட்டா மண்டை போயிடும்" எண்டான்.

ஊரில எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம், எனக்கெண்டா சரியாப் படேல்ல. பிரேக் பிடிக்கேக்க பாரம் முன்னுக்குப் போய் பின்சில்லு இலேசாகுது, இலேசான சில்லை மிதிச்சா இறுகாம என்ன செய்யும்? முன் பிரேக் விழுத்திறது திடீரெண்டு முழுக்கப் பிடிக்கிறதாலதான். லீவரை மெல்ல அமத்தி, பாரம் முன்சில்லில இறங்க ஒரு கணம் விட்டு, பிறகு கூட்டிக்கொண்டு போனா ஈரத் தாரும் தாங்கும். முதல் தூறலில மட்டும் சரியான கவனம், ஒயிலும் புழுதியும் தண்ணியோட சேர்ந்து மேல நிக்கும், அடிச்சுப் பெய்ஞ்சா கழுவுப்பட்டிடும். வெள்ளைக் கோட்டுக்கு மேலயும் பிரேக் பிடியாதேங்கோ.

*

அண்ணை சொல்லுறது தாருக்குச் சரி. நான் முத்தையன்கட்டுப் பக்கம், மெயின் றோட்டுக்கு வரும்வரை கிறவல்தான், அந்த உருள் கல்லில முன் பிரேக்கை நம்பேலாது. என்ர மோட்டார் சைக்கிள் ஏபிஎஸ் உள்ளது, அதுதான் பிரேக் பிடிக்கேக்க சில்லு இறுகாமப் பாக்கிற சாமான், சிங்கிள் சனல், முன்சில்லுக்கு மட்டும். பிரேக் டிஸ்க் பக்கத்தில ஓட்டை ஓட்டையா ஒரு வளையம் இருக்கெல்லோ, அதை வைச்சுத்தான் சென்சர் சில்லு சுத்திற வேகத்தைப் பாக்குது, இறுகப் போகுதெண்டா பிரசரை விட்டு விட்டுப் பிடிக்கும், விரலுக்குள்ள லீவர் துடிக்கும், அந்தத் துடிப்புக்குப் பயந்து கையை எடுக்கக்கூடாது. ஏ9ல கொட்டுற மழைக்குள்ள ஒரு வான்காரன் சிக்னலும் போடாம குறுக்கால திருப்பினவன், ஏபிஎஸ் இல்லாட்டி அண்டைக்கு வானுக்குக் கீழதான்.

ஆனா அதே சைக்கிள் குளக்கட்டு இறக்கத்தில கிறவலில நிக்கமாட்டன் எண்டு நிக்குது. ஏனெண்டா கல்லில இறுகின சில்லு கல்லைத் தனக்கு முன்னால குவிச்சு அதிலயே முட்டி நிக்கும், ஏபிஎஸ் இறுகவே விடாது, அப்ப தூரம் கூடத்தான் போகும். இப்ப இறக்கம் தொடங்க முதலே கியரைக் குறைச்சு எஞ்சினில விட்டுத்தான் வாறது, பின் பிரேக் கொஞ்சம். வளைவில சரிஞ்சு போகேக்க பிடிச்சாலும் இந்தச் சாதாரண ஏபிஎஸ் பெரிசா உதவாது. சரிவையும் அளந்து பிடிக்கிறது 2014ல கேடிஎம் 1190 அட்வெஞ்சரில வந்தது, அதெல்லாம் எங்கட காசுக்கு எட்டாது விடுங்கோ.

*

நான் ஸ்கூட்டி. தருமபுரத்தில இருந்து விசுவமடுவுக்குப் படிப்பிக்கப் போறனான். எனக்கு மாரியை விடப் பயம் மாசி பங்குனிதான், காலபோக நெல்லை அரை றோட்டுக்குப் பரவிக் காயவிட்டிருப்பினம். அதுக்கு மேல சில்லு ஏறினா குண்டுமணியில ஓடின மாதிரித்தான். எதிரால பஸ் வந்து ஒருக்கா நெல்லுக்கு மேலதான் ஏறவேண்டி வந்தது, பிரேக்கைத் தொடாம, அக்சிலேற்றரை விட்டு, ஹாண்டிலை நேரா வைச்சபடி தாண்டினன், பின்னால வந்த டிப்பர்காரன் ஹோன் அடி அடியெண்டு அடிச்சவன், அடிக்கட்டும். கொம்பி பிரேக்கை ஏபிஎஸ் எண்டு நினைக்கிற ஆக்களும் இருக்கினம் பிள்ளையள். இடக்கையைப் பிடிச்சா முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும், அவ்வளவுதான், சில்லு இறுகினா விட்டுத் தராது.

*

கிளிநொச்சியில கராஜ் வைச்சிருக்கிறன், என்ர பங்குக்கு. 2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025லதான் திறந்தவங்கள், அதால இஞ்ச ஓடுறது கனக்க பழைய சைக்கிள், டிரம் பிரேக். வெள்ளத்துக்குள்ளால வந்தா டிரம்முக்குள்ள தண்ணி போய் பிடிக்காது. தண்ணியால ஏறின உடனே பிரேக்கை மெல்ல அமத்திக்கொண்டு கொஞ்சத்தூரம் ஓடுங்கோ, சூட்டில காய்ஞ்சிடும். ஏபிஎஸ் லைற் எரியுது எண்டு பதறிக்கொண்டு வாறவையும் இருக்கினம், சில நேரம் பாத்தா வயல் களி சென்சரில அப்பிக் கிடக்கும், கழுவி விட அணைஞ்சிடும்.

அறுபதில ஒரு செக்கனுக்கு 17 மீற்றர் கிட்டப் போறியள், கை லீவருக்குப் போக முதலே மாடு வந்திடும். நாப்பதில வந்தா பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் அறுபதில நிக்கிறதில பாதியும் இல்லை.

பிறகு ரயர். ரயரில பூ, அதான் வெட்டுக்கோடு, இருக்குத்தானே எண்டு காட்டுவினம், ஆனா ரப்பர் காய்ஞ்சு கட்டியாப் போயிருக்கும், அது ஈரத்தில பிடிக்காது. ரயர் பக்கத்தில நாலு இலக்கம் அடிச்சிருக்கும், 2319 எண்டா 2019ம் ஆண்டு 23ம் கிழமை செய்தது. கடையில புதுசெண்டு தந்தாலும் அதைப் பாத்துப்போட்டுக் காசைக் குடுங்கோ.