பக்கத்தில் நிற்பவருக்காகத்தான் சிப்பாய் சண்டை போடுகிறாரா? அங்கே ஒரு பெண் நின்றால்?

மழைச்சாரல் கேட்டது:
என் தங்கை ராணுவத்தில் சேரப்போகிறாள். மேசை வேலை வேண்டாம், காலாட்படைதான் வேண்டும் என்கிறாள். வீட்டில் மாமா ஒரே பிடியாக நிற்கிறார். "சிப்பாய் நாட்டுக்காகச் சண்டை போடுவதில்லை, கூட இருக்கிற கூட்டாளிக்காகத்தான். நடுவில் ஒரு பெண் வந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும்" என்கிறார். அவர் சீருடை போட்டவர் இல்லை, படித்ததைச் சொல்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அக்காவாக எனக்கும் பயம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய சிப்பாய்:
தங்கச்சி, நான் 16 வருடம் காலாட்படையில் இருந்தவன். மாமா சொன்னதில் முதல் பாதி என் வரையில் சரி. நான் சேர்ந்தது சம்பளத்துக்காக. வீட்டுக்கு மூத்த பிள்ளை. ஆனால் முதல்முறை எங்கள் மேல் சுட்டபோது சம்பளமும் நினைவில் இல்லை, கொடியும் இல்லை. மண்ணில் முகத்தைப் புதைத்துக் கிடந்தேன். இடது பக்கம் எல்எம்ஜி-காரன், அதாவது இலகு இயந்திரத் துப்பாக்கி வைத்திருப்பவன், தோட்டா பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தான். அந்தச் சில நொடிகள் நான் சுடாவிட்டால் அவன் போய்விடுவான். அதனால்தான் தலையைத் தூக்கினேன்.

மாமாவிடம் இதையும் சொல்லுங்கள்: அவனும் நானும் அப்போது இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அவன் வேலையைச் சரியாகச் செய்வான், அதில் எனக்குத் துளி சந்தேகம் இருந்ததில்லை.

கடைசி நான்கு வருடம் எங்கள் சின்னப் படைக்குழுவான செக்‌ஷனோடு ஒரு பெண் மருத்துவ உதவியாளர் வந்தார். எனக்கு இஷ்டமில்லை, முகத்திலும் காட்டினேன். இன்றுவரை அதற்காக வருந்துகிறேன். வந்த முதல் வாரமே அவர் எல்லோருடைய முதலுதவிப் பையையும் இடது இடுப்புக்கு மாற்ற வைத்தார். "இருட்டில் என் கை தேடக்கூடாது, நேராகப் போகணும்" என்றார். அது தேவைப்பட்ட இரவும் வந்தது, கை நேராகப் போனது. அந்தப் பையன் இன்று இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா.

அவருக்குப் பிரச்சினையாக இருந்தது நாங்கள் இல்லை, குண்டு துளைக்காத அங்கி. ஆண் உடம்புக்குத் தைத்தது. படுத்துக் குறிபார்த்தால் கழுத்துப் பக்கம் ஏறி, ஹெல்மெட்டைக் கண்ணுக்குத் தள்ளும். சரியான அளவு கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

வரலாற்று வாசகன்:
ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். மாமா படித்தது அநேகமாக ஷில்ஸ், ஜனோவிட்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இருவரும் 1948-இல் எழுதிய ஆய்வின் வழி வந்த கருத்தாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் தோற்பது தெரிந்தும் ஜெர்மானியச் சிப்பாய்கள் ஏன் நின்றார்கள் என்றால், கொள்கையைவிடச் சின்னக் குழுவின் பிணைப்புதான் என்றார்கள். பின்னால் வரலாற்றாசிரியர் ஓமர் பார்டோவ் அதை மறுத்தார். சோவியத்தோடு மோதிய கிழக்கு முனையில் ஆட்கள் செத்துச் செத்துக் குழுவே மிஞ்சவில்லை, அப்படியும் சண்டை நடந்ததே, அப்போது கொள்கைக்கும் பங்கு உண்டு என்றார். ஆக, முதல் பாதியே முடிந்துபோன விஷயம் இல்லை.

இரண்டாம் பாதிக்கு அதே போரின் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். சோவியத் படைகளில் சுமார் 8 லட்சம் பெண்கள் இருந்தார்கள். 588-வது இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் விமானி, வழிகாட்டி, மெக்கானிக் எல்லோருமே பெண்கள். மரமும் துணியுமான போ-2 விமானத்தில் ஒரே இரவில் பலமுறை போய்வந்தார்கள். அவர்களுக்கும் முதலில் கிடைத்தது ஆண்களின் பெரிய பூட்ஸ்தான்! நார்வே 1985-இலும் கனடா 1989-இலும் (நீர்மூழ்கி மட்டும் 2000-இல்) போர்ப்பணிகளைப் பெண்களுக்குத் திறந்துவிட்டன.

மலையேறி:
ஒன்றே ஒன்று. பயிற்சிக் காலத்தில் பெண்களுக்குக் கால் எலும்பில் நுண்முறிவு வருவது ஆண்களைவிட அதிகம். இதை மறைப்பது தங்கைக்கு நல்லதில்லை. சேர்வதற்குப் பல மாதம் முன்பே பையில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடக்கட்டும். மாதவிடாய் நின்றுபோகும் அளவுக்குச் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது, எலும்பு அங்கேதான் பலவீனமாகிறது.

மழைச்சாரல்:
எல்லோருக்கும் நன்றி. தங்கையிடம் படித்துக் காட்டினேன். ஐயா, அவள் ஒன்று கேட்கச் சொன்னாள்: அந்த எல்எம்ஜி-காரரோடு அப்புறம் பேசினீர்களா?

பழைய சிப்பாய்:
அன்று ராத்திரியே. "தண்ணி இருக்கா?" என்று கேட்டான். கொடுத்தேன்.