மறுமொழி: ‘இன்கஸ்’ – பட்டடையா, தட்டைத்தலையா?

ஐயா, வணக்கம்.

‘இன்கஸ்’ (incus) என்ற வானிலைச் சொல்லுக்குத் தமிழில் ‘தட்டைத்தலை மேகம்’ என்று வைக்கலாம் என்றீர்கள். வாசிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்கஸ் தனியொரு மேக வகை அல்ல. இடிமழை தரும் கார்திரள் மேகம் (cumulonimbus) முற்றும்போது அதன் உச்சியில் விரியும் பகுதி. பெயர் அந்த உறுப்புக்குத்தான் வேண்டும். தட்டை என்று மட்டும் சொன்னால் தாழ்வாகப் பரந்து கிடக்கும் படை மேகத்தோடும் (stratus) குழம்பும்.

அது எப்படி விரிகிறது என்று பாருங்கள். ஈரக்காற்று மேலேறிக் குளிர்கிறது. நீராவி துளியாகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. வெப்பமண்டல நாடுகளில் இந்த ஏற்றம் 16, 17 கிலோமீட்டர் வரைகூடப் போகும். அதற்கு மேல் அடுக்கு மண்டலம் (stratosphere). அங்கே உயரம் கூடக்கூட வெப்பமும் கூடுவதால், ஏறிவந்த காற்று சுற்றியுள்ளதைவிடக் குளிர்ந்து கனத்துப்போகிறது. மேலே போக வழியில்லை, பக்கவாட்டில் பரவுகிறது. அந்த உயரத்தில் எல்லாம் பனிப்படிகம் என்பதால் ஓரங்கள் நார் நாராகப் பிரிந்து தெரியும். தென்மேற்குப் பருவத்தில் சென்னைக்கு மாலை இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். உச்சி மட்டும் எதிர்ப்பக்கமாக, மேற்கே நீளும். மேலே கிழக்கிலிருந்து வலுவான காற்று வீசுவதுதான் காரணம்.

லத்தீனில் இன்கஸ் என்றால் கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை. ‘எறிதற்குப் பட்டடை’ என்று 821ஆம் குறளிலேயே இருக்கிறது. நடுச்செவி எலும்புகளில் ஒன்றுக்கும் இதே லத்தீன் பெயர்தான், அதைப் பள்ளிப் பாடத்தில் பட்டடை எலும்பு என்றே படிக்கிறோம். கையிலிருப்பதை விட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

அம்மா ஒருவர் எழுப்பிய ஐயம் நியாயமானது: நம்மூர்ப் பட்டடை பெரும்பாலும் கொம்பில்லாத இரும்புக் கட்டை, மேகமோ ஒருபக்கம் கூராக நீள்கிறது. இருக்கட்டும். மேல்முகம் தட்டையாக இருப்பது போதும் என்பது என் கருத்து. ‘பட்டறை’ என்று தவறி எழுதிவிடுவார்களே என்பதுதான் எனக்குக் கவலை, வெங்காயப் பட்டறை வரை நினைவுக்கு வரும்.

ஆகவே உறுப்புக்குப் ‘பட்டடை’, மேகத்துக்குப் ‘பட்டடைக் கார்திரள்’. பட்டடை விரிவதற்கு முந்திய நிலையான கால்வஸுக்கு (calvus) ‘மொட்டைக் கார்திரள்’ என்று வைக்கலாம். சிரிப்பு வரும்தான், ஆனால் லத்தீன்காரர்களும் வழுக்கை என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், ஏற்றம் மிக வலுவாக இருந்தால் பட்டடையையும் மீறிக் கொஞ்ச நேரம் ஒரு குமிழ் துருத்தி நிற்கும். அதற்கு ‘முகட்டுப் புடைப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.