ஆஞ்சியோ நடக்கும்போதே மூளையில் மறுபடி ரத்தக்கசிவு: டை ஏற்றியதுதான் காரணமா?

ஈரோட்டுப் பெண்:
அம்மாவுக்கு 57 வயது, பிபி உண்டு. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், வாந்தி வேறு. சிடியில் மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு என்றார்கள். அன்று இரவே தொடை வழியாக ஆஞ்சியோ, அதாவது எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை (டை) மூளை ரத்தக்குழாய்களில் ஏற்றிப் படம் எடுப்பது. பேசிக்கொண்டேதான் உள்ளே போனார். பாதியில் டாக்டர் வெளியே வந்து, "டை ரத்தக்குழாய்க்கு வெளியே கசிகிறது, அனியூரிசம் (ரத்தக்குழாயில் பலூன் போல் உப்பிய இடம்) மறுபடி வெடித்துவிட்டது, அதை அடைக்க இப்போதே காயில் (மெல்லிய உலோகக் கம்பிச் சுருள்) வைக்கணும்" என்று கையெழுத்துக் கேட்டார். வைத்தாயிற்று, இப்போது வென்டிலேட்டரில் இருக்கிறார். பிறகு எடுத்த சிடியில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாம். "ஆஞ்சியோ எடுக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருப்பார்" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். டையை வேகமாக ஏற்றியதால் வெடித்ததா?

கேத்லேப்காரன்:
சகோதரி, ஊசி இயந்திரத்தில் நொடிக்கு எத்தனை மில்லி என்று எண்ணை அடிப்பது என் வேலை. மூளைக்குப் போகும் கழுத்துக் குழாயில் பெரும்பாலும் 4 முதல் 6 வரைதான் வைப்போம். அந்தச் சில நொடிகள் உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடும், அதைப் பூசி மெழுக மாட்டேன். ஆனால் ஒரு முறை வெடித்த அனியூரிசத்தை அடைத்து வைத்திருப்பது புதிதாக உறைந்த சின்ன ரத்தக்கட்டிதான். அது மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில், அதிலும் முதல் 6 மணி நேரத்தில், ரொம்ப அதிகம். வார்டில் சும்மா படுத்திருப்பவருக்கும் வெடிக்கும். அம்மாவுக்கு எதனால் என்று இங்கிருந்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சித்தப்பாவாலும்தான்.

அப்படி வெடித்தால், திரையில் டை சாம்பிராணிப் புகை மாதிரி ரத்தக்குழாய்க்கு வெளியே பரவும். மற்ற இடத்தில் டை வடிந்த பிறகும் அங்கேயே நிற்கும். கூடவே பிபி எகிறும், நாடி இறங்கும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்திருந்தால் புரோட்டமின் போட்டு முறிப்பார்கள், பிபியை இறக்குவார்கள், ஓட்டையை அடைப்பார்கள். அதே மேஜையிலேயே அடைக்க முடிந்ததே, அது பெரிய விஷயம்.

வெள்ளையைப் பற்றி: டை, ரத்தம் இரண்டுமே சிடியில் வெள்ளைதான். சிடியில் வெண்மையை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட்டில் புது ரத்தம் சுமார் 50 முதல் 80 காட்டும். 100ஐத் தாண்டினால் டை கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள். டை பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில் வடிந்துவிடும், ரத்தம் அப்படியே நிற்கும். டூயல் எனர்ஜி சிடி அங்கே இருந்தால் அயோடினைத் தனியாகப் பிரித்தே காட்டும். அடுத்த சிடி எப்போது என்று கேளுங்கள்.

தஞ்சை ராமு:
என் மாமாவுக்கு ஆஞ்சியோ முடிந்ததும் இரண்டு கண்ணும் தெரியவில்லை. பயந்தே போனோம். மூன்றாம் நாள் பார்வை தானாக வந்துவிட்டது.

கேத்லேப்காரன்:
அது வேறு, அண்ணே. டை மூளைத் திசுவை எரிச்சல்படுத்துவதால் வருவது. குழாய் வெடித்திருக்காது. அதையும் இதையும் குழப்பிச் சகோதரிக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டாம்.

ஈரோட்டுப் பெண்:
நன்றி அண்ணா. நாளைக் காலை சிடி என்கிறார்கள். உள்ளே காயில் இருக்கும்போது பின்னால் எம்ஆர்ஐ எடுக்கலாமா?

கேத்லேப்காரன்:
காயில் பெரும்பாலும் பிளாட்டினம், பொதுவாகத் தடையில்லை. ஆனாலும் எந்த கம்பெனி, என்ன மாடல் என்ற ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது அதன் நகலை வாங்கி வையுங்கள், எம்ஆர்ஐ அறையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.