கேஷ் என்ற இங்கிலீஷ் வார்த்தை நம்ம காசிலிருந்து போனதுதானா?

முனீஸ்வரன்கோவில் தெருக் கடை:

காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். மங்குத் தட்டு, தகரப் பெட்டி, கதவு நிலை, யாருக்கும் வேண்டாத பேரேடுகள் எல்லாம் கிடைக்கும். கண்ணாடிப் பெட்டியில் ஒரு செப்புக் காசு கிடக்கிறது. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை, இரண்டு சிங்கம், அடியில் 1808. மறுபக்கம் பாரசீக எழுத்து, அதற்குக் கீழே 'எக்ஸ்எக்ஸ் கேஷ்' என்று இருக்கிறது.

போன வாரம் கானாடுகாத்தான் வீடுகளைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். அந்த அம்மா காசைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'நாம் சொல்கிற கேஷ் இந்த ஊரிலிருந்து வந்ததா?' என்றார். புருஷன்காரர், 'இல்லவே இல்லை, அது பிரெஞ்சு' என்றார். கடைக்குள்ளேயே வாக்குவாதம் முற்றி, ஒன்றும் வாங்காமல் கிளம்பிவிட்டார்கள்.

நம்ம வாட்ஸப் குழுக்களில் கேஷ், ரைஸ், கேட்டமரான் எல்லாம் தமிழ் என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. அதில் எதை நம்பலாம்? சீசன் ஆரம்பித்தால் இந்த மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சங்கத்தமிழ்ச் சிங்கம்:

இதில் என்ன சந்தேகம்? காதால் கேட்டாலே தெரிகிறதே. கேஷ் மட்டுமா, கேஷ்யூ நட்டும் காசுக்கொட்டைதான். விற்றால் காசு வருகிறதல்லவா!

தேவகோட்டைக் கணக்கு:

சிங்கம் தம்பி, கேஷ்யூ பிரேசில் சரக்கு. அங்கே துப்பி மொழி பேசியவர்கள் வைத்த பெயரைப் போர்ச்சுகீசியர் 'காஜு' என்று எடுத்துக்கொண்டார்கள். நம் பழைய கணக்கிலும் ஒரு முந்திரி உண்டு. அது 320-ல் ஒரு பங்கு, கொட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் தேடிப் போகாதீர்கள்.

கடைக்காரத் தம்பிக்கு: அந்த அம்மா சொன்னதும் சரி, புருஷன் சொன்னதும் சரி. கேஷ் என்பது இரண்டு தனித்தனி வார்த்தை, எழுத்து மட்டும்தான் ஒன்று.

எங்கள் அப்பச்சி மீசை முளைக்கும் முன்பே ரங்கூன் மொகல் தெரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். மேலே மேலாள், அதற்கடுத்து அடுத்தாள், கடைசியில் இவர். காலையில் பெட்டியடியைக் கூட்டித் துடைப்பது, கேட்டபோது நோட்டை எண்ணிக் கொடுப்பது, சாயங்காலம் இருப்பும் சிட்டையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஓரணா இடித்தாலும் ராத்திரிச் சாப்பாடு தள்ளிப்போகும் என்பார். பெட்டியண்டை உட்கார்ந்ததால் பெட்டியடி. சட்டைப்பையில் இருக்கும் கேஷும் இதே வழியில் வந்ததுதான். லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸா', பிரெஞ்சில் 'கேஸ்'. 1590-களில் இங்கிலீஷுக்கு வந்தபோது கேஷ் என்றால் பணப்பெட்டி, அப்புறம்தான் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு அந்தப் பெயர் ஒட்டியது. கேஷியர் என்பவர் நம்ம பெட்டியடிப் பையனுக்குச் சீமைப் பங்காளி. மூக்குக் கண்ணாடி வைக்கிற கேஸும், மருந்துக் கடைக் கேப்ஸ்யூலும் அதே காப்சா வம்சம்தான்.

உங்கள் செப்புக் காசில் இருக்கிற கேஷ் வேறு. அது நம்ம காசேதான். போர்ச்சுகீசியர் வாயில் அது 'காய்ஷா' ஆனது. அவர்கள் மொழியில் காய்ஷா என்றால் ஏற்கெனவே பெட்டி! இங்கிலீஷ்காரரும் அதைத் தன் ஊர்க் கேஷ் போலவே எழுதிவிட்டார். மலாக்காவின் வெள்ளீயக் காசுக்கும், சீனாவில் நடுவே சதுர ஓட்டை போட்ட காசுக்கும் இதே பெயர்தான் போனது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மதராஸில் 1818 வரைக்கும் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பணத்தைத்தான் அவர்கள் 'ஃபனம்' என்று எழுதினார்கள். எக்ஸ்எக்ஸ் என்றால் ரோமன் எண்ணில் 20. ஆக, உங்களிடம் இருப்பது 20 காசு, அதாவது கால் பணம்.

1808 என்று நீங்கள் போட்டதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அட்மிரல் கார்ட்னர் என்ற கம்பெனிக் கப்பல் இதே மாதிரி 10 காசும் 20 காசுமாக ஏற்றிக்கொண்டு மதராஸுக்குக் கிளம்பி, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கிவிட்டது. பிற்பாடு அந்தச் சரக்கை அள்ளி எடுத்தார்கள். இன்று வெளிநாட்டில் விற்கிற 1808 காசுகளில் நிறைய அந்தக் கப்பலுடையவை. உங்கள் காசு நம்மூர் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்திருந்தால் கை பட்டுத் தேய்ந்திருக்கும். எழுத்து கூர்மையாக இருந்தால் எங்கே வாங்கினீர்கள் என்று ஒருதரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் கேட்டமரான், சுருட்டிலிருந்து போன செரூட், மிளகுத்தண்ணியிலிருந்து போன முல்லிகட்டானி, இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ரைஸ் வேண்டாம். அரிசியிலிருந்து நேராகப் போனது என்பதை அறிஞர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை. உங்கள் கடையில் இன்னொரு சண்டை எதற்கு?

முனீஸ்வரன்கோவில் தெருக் கடை:

அண்ணே, ரொம்ப நன்றி. காசில் எழுத்து தேய்ந்துதான் இருக்கிறது, கோட்டையூரில் ஒரு வீட்டைப் பிரித்தபோது வந்தது. இன்னும் ரெண்டு கேட்டுக்கொள்கிறேன். ஆற்றங்கரையும் பேங்க், பணம் போடுகிற இடமும் பேங்க் என்பது எப்படி? இன்ட்ரஸ்ட் என்றால் வட்டியா, ஆர்வமா?

தேவகோட்டைக் கணக்கு:

ரெண்டு பேங்கும் தூரத்துச் சொந்தம். ஜெர்மானிய மொழிகளில் மேடு, திட்டு, உட்காரும் பலகை எல்லாவற்றுக்கும் ஒரே வேர். ஆற்றோரத் திட்டு ஒரு பக்கம் போனது. இத்தாலியில் பணம் மாற்றுகிறவர் முன்னால் போட்டிருந்த பலகை 'பாங்கா' ஆகி இன்னொரு பக்கம் போனது. பேங்க்ரப்ட் என்பதும் அங்கே பிறந்ததுதான், 'உடைந்த பலகை' என்று அர்த்தம். நம்மூரில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்கிறோமே, அந்த நிலைமை.

இன்ட்ரஸ்ட் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. லத்தீனில் 'நடுவே இருப்பது, அக்கறைப்படுவது' என்று பொருள். அந்தக் காலத்தில் திருச்சபை வட்டி வாங்குவது பாவம் என்று தடுத்திருந்தது. ஆனால் கடன்காரர் தவணை தப்பினால், கொடுத்தவருக்கு நடுவில் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம். அந்த ஈட்டுக்குத்தான் இந்தப் பெயர். வட்டி என்று சொல்லாமல் வட்டி வாங்கியிருக்கிறார்கள்! பேரேட்டில் தைரியமாக வட்டி என்றே எழுதிய நம் பெரியவர்கள் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:

குடோனை விட்டுவிட்டீர்களே. எங்கள் மாமனார் சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் இருந்தவர். ஒரே நீளக் கூடம், அதில் பல கடைக்காரர்கள் வரிசையாக, ஆளுக்கு ஒரு கைப்பெட்டி, ஒரு சாய்வு மேசை. பகலில் வரவுசெலவு நடக்கும், ராத்திரி அங்கேயே பாய் விரித்துப் படுப்பார்கள். இந்தக் கிட்டங்கி, கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி என்ற பக்கத்திலிருந்துதான் மலாயில் 'குடாங்' வந்திருக்க வேண்டும் என்று அகராதிக்காரர்கள் எழுதுகிறார்கள். அதை இங்கிலீஷ்காரர் கோடவுன் ஆக்கினார். நாம் அதையே திரும்ப வாங்கி, பக்கத்திலேயே கிடங்கு இருக்க, குடோன் என்கிறோம்.

காம்பவுண்டு சுவரும் அந்தக் கரைச் சாமான்தான். மலாயில் கம்போங் என்றால் கிராமம், சுற்றி அடைத்த இடம். வெள்ளைக்காரர் வாயில் அது காம்பவுண்டு. என் பேத்தி கெமிஸ்ட்ரியில் படிக்கிற காம்பவுண்டு லத்தீன் வார்த்தை, இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

தேவகோட்டைக் கணக்கு:

அந்த லத்தீன் காம்பவுண்டுதான், ஆச்சி, காம்பவுண்டு இன்ட்ரஸ்டில் வருவது. சேர்த்து வைப்பது என்று பொருள், நம்ம கூட்டு வட்டி. அதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.