மாநிலத்துக்கு மாநிலம் உடற்பருமன்: களத்தில் பார்ப்பவர்களின் பகிர்வு

கணக்கெடுப்புப் புள்ளிவிவரம் பார்ப்பவர்

எந்த மாநிலத்தில் பருமன் அதிகம் என்ற பட்டியலைப் பகிரும் முன் அது எந்தக் கணக்கெடுப்பு என்று பாருங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019-21) பெண்களுக்கான எண் 15 முதல் 49 வயதினருடையது; பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 25-ஐத் தொட்டால் அதிக எடை அல்லது பருமன் என்று சேர்க்கிறது. அதன்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காடு, பீகாரில் 15.9, நாடு முழுக்க 24. தமிழ்நாட்டில் இதற்கு முந்தைய சுற்றில் 30.9தான் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நீரிழிவு ஆய்வான ‘இந்தியாப்’ (INDIAB), 20 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண், பெண் இருபாலரையும் பார்க்கிறது. வயிற்றுச் சுற்றளவையும் எடுக்கிறது. அதில் வயிற்றுப் பருமன் அதிகம் உள்ள இடம் புதுச்சேரி, 61.2 விழுக்காடு. குறைவு ஜார்க்கண்ட், 18.4. ஒன்றின் எண்ணை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து "ஏறிவிட்டது, இறங்கிவிட்டது" என்று எழுதினால் அத்தனையும் தப்பு.

முகாம்களில் அளவெடுக்கும் செவிலியர்

எண்ணை விடுங்கள், வயிற்றுச் சுற்றளவு எடுக்க டேப்பை எங்கே வைக்கிறார்கள் என்பதிலேயே பாதி பிழை வந்துவிடுகிறது. பெண்களுக்குப் பாவாடை நாடா கட்டிய இடத்திலும், ஆண்களுக்கு பெல்ட் போட்ட இடத்திலும் சுற்றிவிடுகிறார்கள். தொப்பை உள்ளவர்கள் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுவார்கள். அளவு குறைந்துதான் வரும்.

சரியான இடம்: விலாவில் கடைசி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில். டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் குனிந்து பார்த்துச் சொன்னால் நல்லது. மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும்போது படிக்க வேண்டும். "அளக்கிறோம்" என்றதும் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுங்கள். தையல்காரர் டேப் நாளாக ஆக நீண்டுவிடும், இரும்பு ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார்த்து மாற்றுங்கள். இந்தியர்களுக்கு வயிற்றுப் பருமனுக்கான எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80.

உயரத்திலும் இதே கதைதான். 58 கிலோ எடையுள்ள பெண்ணின் உயரம் 152 செ.மீ. என்றால் பி.எம்.ஐ. 25.1. கொண்டையோடு 154 என்று எழுதிவிட்டால் 24.5. அவர் பட்டியலிலிருந்தே விழுந்துவிடுகிறார். கொண்டையை அவிழ்க்கச் சொல்லத் தயங்காதீர்கள். எடை மிஷினைப் பாய் மேல் வைக்காதீர்கள், சிமெண்ட் தரைதான் வேண்டும்.

நீரிழிவு சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்

மேலே சொன்னதோடு ஒன்று. பருமன் குறைந்த மாநிலம் என்றால் ஆபத்தில்லை என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். அதே ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் உத்தரப் பிரதேசத்தில் நீரிழிவு 4.8 விழுக்காடுதான், ஆனால் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் (சர்க்கரை இயல்பை விட அதிகம், நீரிழிவு அளவை இன்னும் எட்டவில்லை) 18 விழுக்காடு பேர், கிட்டத்தட்ட நாலு மடங்கு. தமிழ்நாட்டில் தலைகீழ்: நீரிழிவு 14.4, முந்தைய நிலை 10.2. இங்கே பலர் ஏற்கெனவே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். அங்கே வரிசை இனிமேல்தான் நகரப்போகிறது. எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது.

கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிய உடம்பு நம்மிடம் சாதாரணம். தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பை விட, குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேரும் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அதனால் பி.எம்.ஐ. 23 ஆனதுமே கவனிக்கத் தொடங்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு ட்ரைகிளிசரைடும் (ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு) ரத்த அழுத்தமும் பாருங்கள். குறட்டை விட்டுத் தூங்கிப் பகலில் கண் அசந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை உண்டா என்று கேளுங்கள்.

உணவு ஆலோசனை சொல்பவர்

வீட்டுக்காரர்களிடம் "எண்ணெயைக் குறைங்க" என்றால் எதுவும் நடக்காது. மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆளுக்கு அரை லிட்டர் போதும்; நாலு பேருக்கு மாதம் இரண்டு லிட்டர். 15 மில்லி கரண்டி ஒன்றிலேயே 120 கலோரி இருக்கிறது. நாலைந்து லிட்டர் வாங்கும் வீட்டில் பொரிப்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. பொரித்த எண்ணெயை மறுநாள் தாளிக்க எடுப்பதையும் கேட்டுப் பாருங்கள்.

சோற்றை விடச் சொல்லாதீர்கள், இரண்டு நாளில் ஆலோசனையையே விட்டுவிடுவார்கள். தட்டில் காய், கூட்டு, சுண்டல் அல்லது முட்டை முதலில், சோறு கடைசியில். இரண்டாவது முறை வைப்பது காயாக இருக்கட்டும்.

நீரிழிவு சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்

எடை இறங்கவில்லை என்று மூன்றாம் மாதம் நடையை நிறுத்துபவர்களுக்குச் சொல்ல ஒரு சான்று: 2006-இல் சென்னையிலிருந்து வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. உணவு மாற்றமும் தினம் அரை மணி வேக நடையும் மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. ஆய்வில் இருந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை மிஷின் அசையாவிட்டாலும் டேப்பையும் சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.